முந்நூற்று இருபது கிரெயின்

வில்லோ ஃபோர்க் துப்பாக்கிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தச் சனிக்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு தோட்டாக்கள். பைமேல் குத்தியிருந்த சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "விற்பனைக்கு. நாற்பத்துநாலு மேக்னம், நான்கு. ஒருமுறைகூடச் சுடப்படாதவை. ஒரு மாவீரரின் இடுப்பில் சும்மா இருந்தவை."

டார்லா டக்கெட் அதை இரண்டு தடவை படித்தாள். மாவீரர் யாரென்று ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவளுடைய புருஷன் ராய்ஸ்தான்.

மே மாதம் கருங்கரடி வேட்டைக்கு ஒஹையோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரை ராய்ஸ் மலைக்கு அழைத்துப் போயிருந்தான். ஓடையோரப் புதரிலிருந்து ஒரு கிரிஸ்லி கரடி பாய்ந்து டாக்டரைக் கீழே தள்ளி மேலே ஏறிக்கொண்டது. ராய்ஸ் இரண்டு முறை சுட்டான். அதோடு சரி. டாக்டருக்கு ஒரு காது போயிற்று. அவருடைய வலது கை இனிமேல் தோளுக்கு மேல் எழாது. ராய்ஸுக்கு இடது முன்கையில் கடி. கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்த க்ளீட் மார்ஷ் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கரடி போய்விட்டிருந்தது. ராய்ஸ் ரிவால்வரின் உருளையைத் திறந்து மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். உருளையில் சுட்ட கூடு இரண்டு, சுடாத தோட்டா நான்கு.

ஆறு கொள்ளும் துப்பாக்கியில் நான்கு மிச்சம். கண்ணெதிரே ஒரு மனிதனைக் கரடி மெல்லும்போது நான்கு மிச்சம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. கை நடுங்கிவிட்டது என்றார்கள், கால்சட்டை நனைந்துவிட்டது என்றார்கள். வெளியூர் வேட்டைக்காரர்களை மலைக்கு அழைத்துப்போகும் தொழில் நடத்தும் ட்வைட் லோனர்கன், பதினோரு வருஷம் தன்னிடம் வழிகாட்டியாக இருந்தவனை அந்த வாரமே நிறுத்திவிட்டான். இப்போது ராய்ஸ் யாரோ ஒருவருடைய மாட்டுப் பண்ணையில் வேலிக்குக் கம்பி இழுக்கிறான். நடந்தது என்ன என்று கேட்டால் "ரெண்டு சுட்டேன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

டார்லா பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பலகையும் ஆணியோடு கையில் வந்தது. சங்கத்தில் ஏழெட்டுப் பேர் காப்பியோடு நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று அவரவர் பூட்ஸைப் பார்க்க வேண்டியிருந்தது. க்ளீட் மட்டும் சிரித்த முகமாக முன்னால் வந்தான். அந்த நான்கு தோட்டாவை நான்கு மாதமாக ஜீப்பில் வைத்திருந்தவன் அவன்தான். அதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"கோவிச்சுக்காத டார்லா, சும்மா ஒரு தமாசு. நீ ஊத்தற குண்டை யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னாங்களா? இந்தச் சுத்துவட்டாரத்துலயே உன் குண்டு மாதிரி கிடையாது. சத்தியமாச் சொல்றேன். குண்டு நல்ல குண்டு. ஆளுதான் சரியில்ல."

திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவன் பாராட்டினான். புருஷனை மிதித்து அவன்மேல் ஏறி நின்று அவளுக்கு மாலை போட்டான். உடம்பெல்லாம் எரிய, பையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் போட்டியில் சுடவில்லை.

டார்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்தில் இல்லாத நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஈயத்தோடு இருப்பாள். கார்ச் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டும் ஈயத் துண்டுகளை டயர் கடைக்காரர்கள் அவளுக்காகவே வாளியில் சேர்த்து வைப்பார்கள். அவற்றோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து உருக்கி, கசடு தள்ளி, அச்சில் ஊற்றிக் குண்டு எடுப்பாள். வேண்டியவர்களுக்கு அதைப் பித்தளைக் கூட்டில் வைத்து முழுத் தோட்டாவாகவே அடைத்துக் கொடுப்பாள். விற்பதில்லை. ஒரு பெட்டி தோட்டாவுக்கு ஒரு எல்க் மான் தொடை, அல்லது ஒரு நாள் கூரை வேலை.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம்; ஏழாயிரம் கிரெயின் ஒரு பவுண்டு. எத்தனை கிரெயின் நல்லது என்று கேட்டால் அந்த ஊரில் அண்ணன் தம்பி பேச்சு முறிந்துபோகும். இருநூற்று நாற்பது போதும், முனையைச் சுற்றித் தோள் வெட்டிய பழைய ரகக் குண்டுதான் ராஜா என்று ஒரு கட்சி. முந்நூறுக்குக் குறைந்தால் கொசுவைச் சுடவா என்று இன்னொரு கட்சி. டார்லா கனத்தின் கட்சி. அவளுடைய செல்ல அச்சு முந்நூற்று இருபது: மூக்கே இல்லாமல், பானை மூடி மாதிரி தட்டைத் தலையோடு விழும் குண்டு. சங்கத்துப் போட்டியில் இருநூறு மீட்டருக்கு அப்பால் இலக்காக நிற்கும் இரும்புக் கிடாவை லேசான குண்டு தட்டும், சாய்க்காது. அவளுடைய குண்டு பட்டால் கிடா மல்லாந்துவிடும். ஆறு வருஷமாகக் கிடாப் போட்டியில் கோப்பை அவளுக்குத்தான். இரும்பைச் சாய்க்கிற குண்டு எலும்பைச் சாய்க்காதா என்று அவள் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. போன வசந்தத்தில் லோனர்கனின் வழிகாட்டிகள் மூவரும், ராய்ஸ், க்ளீட், இளையவன் ஆல்டன் ப்ரூயிட், நாளெல்லாம் இடுப்பில் சுமக்க வசதியாக ஒரே மாதிரி எடை குறைந்த ரிவால்வர் வாங்கினார்கள். மூன்று துப்பாக்கிக்கும் தோட்டா அடைத்துக் கொடுத்தவள் டார்லா. மூன்றுக்கும் முந்நூற்று இருபது.

கொட்டகைக்கு வந்ததும் அவள் பையை மேசைமேல் கொட்டினாள். உடைத்து ஈயத்தை உருக்கிவிடலாம், அதோடு இந்தக் கேலி ஒழியும் என்றுதான் எண்ணம். ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

தன் கையால் அடைத்த தோட்டாவை அவள் இருட்டில் தடவினாலும் சொல்லிவிடுவாள். இவற்றில் மூன்று, இருக்க வேண்டியதைவிட நீளமாக இருந்தன. நகக்கண் அளவுதான். குண்டு கூட்டிலிருந்து அந்த அளவுக்கு வெளியே எழும்பியிருந்தது. நான்காவது குட்டை. அதன் தட்டைத் தலையில் கருங்கல்லில் குத்திய சிராய்ப்பு. யாரோ அதைக் கல்லில் வைத்து உள்ளே இடித்திருக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அளவுகோல் பொய் சொல்லவில்லை.

அந்த நான்கையும் நான்கு மாதம் ஜீப்பில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சிரித்த க்ளீட், முப்பது வருஷமாகத் துப்பாக்கி பிடிக்கிறவன், ஒருமுறையாவது அவற்றை உற்றுப் பார்த்தானா? சிரிக்கத்தான் நேரம் இருந்தது அந்தத் தடியனுக்கு.

அவள் வீட்டுக்குள் போய் ராய்ஸின் ரிவால்வரை எடுத்தாள். அதே நாளில் அடைத்த பெட்டி ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் சரளைக்கல் தோண்டிய பள்ளத்துக்குப் போய் ஆறையும் நிரப்பினாள். முதல் குண்டுக்கு உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதுக்குக் கட்டைவிரல் மரத்தது. மூன்றாவது முறை விசையை இழுத்தாள். விசை வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. உருளை பாதி திரும்பி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், உருளையின் ஓர் அறையிலிருந்து தட்டைத் தலை வெளியே எட்டிப் பார்த்துத் துப்பாக்கியின் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. கரடியின் வாயில் ஓர் ஆள் இருக்கும்போது கையில் இருந்தது இந்த இரும்புக் கட்டிதான்.

மேசை விரிப்பை வெடுக்கென்று உருவினால் மேலே இருக்கும் தட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அதே கதைதான். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் போகிறது. உள்ளே இருக்கும் கனத்த குண்டு நகர மறுக்கிறது. கூட்டின் வாயை எவ்வளவு இறுக்கி மடக்கினாலும் ஒவ்வொரு உதைக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. டார்லாவின் போட்டித் துப்பாக்கி முழு எஃகு, மூன்றரைப் பவுண்டு. அது நிதானமாக எழும்பும். அதில் ஒரு குண்டும் நழுவியதில்லை. இந்தச் சின்னது அதில் பாதி எடை. கனம் குறைந்த துப்பாக்கி, கனம் கூடிய குண்டு. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொன்னாலும் புரியும்.

அவள் சோதிக்காமல் கொடுக்கவில்லை. மூன்று துப்பாக்கியையும் மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டுப் பார்த்துத்தான் கொடுத்தாள். ஆனால் எப்படிச் சுட்டாள்? எல்லோரும் சுடுகிற மாதிரி. ஒன்று போடு, சுடு, கையை உதறு, தாளில் துளை எங்கே என்று பார், இன்னொன்று போடு. துளைகள் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆறை நிரப்பி ஆறையும் சுட அந்தத் துப்பாக்கியில் யாருக்கும் கை இடம் கொடுக்காது, அவசியம் என்றும் யாரும் நினைத்ததில்லை. உருளையில் காத்திருக்கும் தோட்டா என்ன ஆகிறது என்பதை, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிறவர்கள் எந்தக் காலத்தில் பார்க்கப் போகிறார்கள்? ஆறு வருஷக் கோப்பைக்காரி அதைப் பார்க்கவில்லை. சரளைக்கல் பள்ளத்தில் நின்று அவள் தன்னையே வாய்விட்டுத் திட்டினாள். பேருந்தில் பிள்ளைகள் பேசினால் இறக்கிவிட்டுவிடுவாள், அந்த மாதிரி வார்த்தைகள்.

ராய்ஸ் வேலியிலிருந்து வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்து, காலையில் மிஞ்சிய இறைச்சியை ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். டார்லா, உருளை இறுகிப்போன ரிவால்வரை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"மூணாவது தடவை இழுத்தப்போ."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே சொன்னான். விசை வரவில்லை என்றதும் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கரடியின் மூக்கில் அடித்திருக்கிறான். அடிக்க அடிக்க அது டாக்டரை விட்டுவிட்டு இவன் கையைக் கவ்வியது. அப்புறம் எதனாலோ விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே நீட்டியிருந்த குண்டைக் கல்லில் இடித்து உள்ளே தள்ளி, உருளையைத் திறந்திருக்கிறான். அப்போதுதான் க்ளீட் வந்து நின்றான். டாக்டர் மயக்கத்தில் இருந்தார். இதைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

இறுகிப்போன துப்பாக்கியோடு கிரிஸ்லியின் வாயில் போய் நின்றவனைத்தான் ஊர் கோழை என்றது. டார்லாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

"நாலு மாசம் ராய்ஸ். நாலு மாசமா ஊரே காறித் துப்புது, நீ துடைச்சுக்கிட்டு வந்து சோறு திங்கிற. எதுக்கு?"

அவன் சொன்ன காரணம் நியாயமான காரணம்தான். அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. டாக்டரின் வக்கீல் இரண்டு முறை வந்து போயிருக்கிறார். இரண்டு முறையும், தோட்டா எங்கே வாங்கியது, யார் அடைத்தது என்று கேட்டிருக்கிறார். ஏதோ பழைய பெட்டி, ஞாபகமில்லை என்று ராய்ஸ் சொல்லிவிட்டான். உரிமம் இல்லாமல் அடைத்துக் கொடுத்த தோட்டா, வேலை செய்யவில்லை, ஒரு மனிதன் முடமாகிவிட்டான் என்று வழக்கு வந்தால் வீடு போகும், பேருந்து வேலையும் போகும். கோழை என்ற பெயருக்கு வழக்குப் போட முடியாது. அதைத் தான் சுமந்துகொள்வது சுலபம் என்று நினைத்திருக்கிறான்.

"எனக்காகன்னு சொல்லாத. என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

டார்லாவுக்கு அப்போது இன்னொன்று உறைத்தது. நாளைக் காலையில் எல்க் வேட்டைக்கு லோனர்கனின் ஆட்கள் மலை ஏறுகிறார்கள். க்ளீட் இடுப்பிலும் ஆல்டன் இடுப்பிலும் இதே துப்பாக்கி, இதே குண்டு. அதைச் சொல்லிக் கத்தினாள். இது தெரிந்துமா நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றாள்.

"சொன்னேன். ஜூலை மாசமே ஆல்டன்கிட்ட சொன்னேன். இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது, எடை குறைச்சலாப் போடுப்பான்னேன். துப்பாக்கி விஷயத்துல உங்க புத்தி எனக்கு எதுக்குண்ணேன்னு கேட்டான். பெட்ரோல் போடற இடத்துல, நாலு பேர் முன்னாடி. க்ளீட் நான் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான்."

கோழை சொல் அம்பலம் ஏறாது. தான் ஏற்றுக்கொண்ட பொய்யே தன் உண்மையின் வாயைக் கட்டிப்போடும் என்பதை ராய்ஸ் எதிர்பார்த்திருக்கவில்லை. அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொரு முறை ஆல்டன் மலை ஏறும்போதும் இவன் தூங்காமல் கிடந்திருக்கிறான். டார்லா அதை வேறு என்னவோ என்று நினைத்திருந்தாள்.

ராய்ஸே ஒரு வழி சொன்னான். ஈயத்தில் ஏதோ கலப்படம், அந்தப் பெட்டிகள் சரியில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று அவள் சொன்னால் போதும். அவள் சொன்னால் கொடுத்துவிடுவார்கள். வேறு குண்டு போட்டுக் கொடுத்துவிடலாம். யாரும் சாக மாட்டார்கள், வீடும் நிற்கும், வக்கீலுக்கும் ஒன்றும் கிடைக்காது.

"உன் பேரு?"

"அது ஏற்கெனவே போயாச்சே," என்றான்.

அவள் அந்த வழியை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். தட்டைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைக்கும்வரை யோசித்தாள். வீடு அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் மரம் வெட்டிக் கட்டியது. அதைவிட, கோப்பைகள். கூடத்தில் ஆறு கோப்பைகள் வரிசையாக நின்றன. நாளைக்கு அவற்றைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பதுதான் வீட்டைவிட அவளை அதிகம் உறுத்தியது; அப்படி உறுத்தியதற்காகவும் தன்மேல் ஆத்திரம் வந்தது. தட்டை வைத்துவிட்டு, லோனர்கன் எத்தனை மணிக்கு மலை ஏறுவான் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு காலை அவள் லோனர்கனின் லாயத்துக்குப் போனபோது கோவேறு கழுதைகளின்மேல் மூட்டை கட்டி முடிக்கும் நேரம். டெக்சஸிலிருந்து வந்த இரண்டு வேட்டைக்காரர்கள் புதுச் சட்டையில் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. லோனர்கன், க்ளீட், ஆல்டன் மூவரும் கேட்கிற தூரத்தில் நின்று, மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். ராய்ஸின் துப்பாக்கி இரண்டு சுட்டதும் இறுகிவிட்டது. அவன் அதை வைத்துக் கரடியை அடித்திருக்கிறான். காரணம் நான் அடைத்த தோட்டா. உங்கள் இடுப்பில் இருப்பதும் அதேதான். எடுத்துக் கீழே போடுங்கள்.

யாரும் எடுக்கவில்லை. க்ளீட் கழுதையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சிரித்தான்.

"பொண்டாட்டின்னா இப்படித்தான் இருக்கணும். என்னோடது எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லாது."

லோனர்கன் நல்ல மனிதன். நல்ல மனிதர்களுக்கே உரிய அந்தக் கேவலமான மென்மையோடு அவளை ஒதுக்கமாக அழைத்தான். உன் மனசு புரிகிறது என்றான். நான்கு மாதம் கழித்து இப்படி ஒரு கதை வந்தால் யார் நம்புவார்கள் என்றான். புருஷன் பெயரைக் காப்பாற்றப் போய் உன் தலையில் நீயே மண் போட்டுக்கொள்ளாதே, அந்த வக்கீல் காதுக்குப் போனால் உன்னைக் கட்டிய துணியோடுகூட விடமாட்டான் என்றான். ஆறு வருஷம் அவள் வாயால் சொன்ன எடையெல்லாம் இவர்களுக்கு வேதம். முதல் முறையாக அவள் தன் தப்பைச் சொல்கிறாள், அது மட்டும் கதை.

அவள் அவன் கையை உதறிவிட்டு ஆல்டனிடம் போனாள். அவனுக்கு இருபத்தெட்டு வயது; சின்னப் பையனாக அவள் பேருந்தில் போனவன்.

"உன் துப்பாக்கியில ஆறு இருக்கா?"

"இருக்குக்கா."

"இதுவரைக்கும் ஆறையும் ஒரேயடியாச் சுட்டிருக்கியா?"

"இதுல யாருக்கா ஆறு சுடுவாங்க? கை என்னத்துக்கு ஆகறது?"

"இப்போ சுடு. அந்த மண்மேட்டுல சுடு. ஆறும் வெடிச்சுதுன்னா நான் பொய்க்காரி. இங்கயே மண்டி போட்டு ராய்ஸுக்காக உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

ஆல்டன் லோனர்கனைப் பார்த்தான். லோனர்கன் சலித்துப்போய்த் தலையசைத்தான். கழுதைகளை லாயத்தின் மறுபக்கம் ஓட்டிப் போனார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

முதல் குண்டுக்கு மண் எகிறியது. இரண்டாவதுக்கு அவன் முகம் சுளித்தான். மூன்றாவதும் வெடித்தது. க்ளீட் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு டெக்சஸ்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். தன் தோட்டா நன்றாக வெடிக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அப்போதுதான். ஆல்டன் நான்காவது முறை இழுத்தான். கை நின்றது. மறுபடி இழுத்தான். இரண்டு கைவிரலையும் விசையில் கொடுத்து இழுத்தான். முகம் வெளுத்துப்போய், துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான்.

லோனர்கன் போய் அதை வாங்கிப் பார்த்தான். வெளியே நீட்டியிருந்த ஈயத் தலையைக் கட்டைவிரலால் தொட்டான். அதைக் க்ளீட் பக்கம் நீட்டினான். க்ளீட் அதை வாங்கவில்லை. தன் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களைக் கழுதைத் தீவன வாளியில் கவிழ்த்தான். இடுப்புப் பட்டையில் செருகியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாக உருவிப் போட்டான். கடைசி ஒன்று பட்டையில் சிக்கிக்கொண்டு வரவில்லை.

"போன வாரம் ரெண்டு குட்டியோட ஒரு பொட்டைக் கரடி," என்றான் ஆல்டன். "நாப்பது அடி. இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன்." யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னான்.

க்ளீட் அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். தமாசுக்குத்தான் என்று ஆரம்பித்தான். டார்லா அவனை முடிக்க விடவில்லை. அந்த நான்கு தோட்டாவும் நான்கு மாதம் உன் ஜீப்பில் இருந்தது, ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், கண் இருந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய் என்றாள். இன்னும் சொன்னாள். டெக்சஸ்காரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கழுதைகள் பக்கம் நகர்ந்தார்கள்.

அவர்களைப் பார்த்துவிட்டு லோனர்கன் குரலைத் தாழ்த்தினான். இது இன்றைக்கே வக்கீல் காதுக்குப் போய்விடும் என்றான். தெரியும் என்றாள். ராய்ஸைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல் என்றான். நிறுத்தியது நீதானே, நீயே போய்ச் சொல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல் என்றாள்.

வாளியில் முப்பது முப்பத்தைந்து தோட்டா கிடந்தது. ஒவ்வொன்றும் வழுவழுவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் ஊற்றியதிலேயே அழகானவை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது ஆல்டன் பின்னாலேயே வந்தான். வெறும் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, பழகிய பழக்கத்தில், இந்த ஊரில் எல்லோரும் அவளிடம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டான்.

"அப்போ எத்தனை எடைதான் போடறது, டார்லாக்கா?"

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான். அவள் மற்ற இருவருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"ராய்ஸைப் போய்க் கேளு. துப்பாக்கி வாங்கின அன்னைக்கே, சின்னத் துப்பாக்கி, இருநூத்து நாப்பது போதும்னு சொன்னது அவன்தான். கரடிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டவா போறேன்னு கேட்டுச் சிரிச்சவ நான். இதே லாயத்துல. நீங்களும் சேர்ந்துதான் சிரிச்சீங்க."